ஒண்ணாம் நம்பர் வீடு

மனுவுக்கு நாலே வரிதான் எழுதுவேன்னு எனக்கு முன்னால நின்னவர்கிட்டச் சொன்னீங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என்கிட்ட அப்படிச் சொல்லாதீங்கம்மா. விடிய ஊர விட்டுக் கெளம்பி, ரெண்டு பஸ் மாறி வந்துருக்கேன். பன்னெண்டரை வரைக்கும் ஆபீசுல மனு வாங்குவாகளாம், வாச்மேன் சொன்னாரு. நேரம் கெடக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.

எழுதப் படிக்கத் தெரியாதவன்னு நெனச்சுறாதீங்க. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் கவர்மெண்டு ஹாஸ்டல்ல இருந்து படிச்சவன். பேரு தவசி. கையெழுத்துப் போட்டா 'தவசி, தலைவர்'னுதான் போடுவேன். ஆனா ஆபீசுக்கு எழுதுற எழுத்து வேற. 'பணிவுடன்'ங்கிறது எந்த எடத்துல வரணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்.

ஊரு கடுக்காப்பாறை. மலையடிவாரத்துல ஓடையத் தாண்டி இருக்கு. நாங்க பளியரு. பதினாலு வீடு, எல்லாம் கவர்மெண்டு கட்டிக் குடுத்த காங்கிரீட் வீடு. ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, நடுவுல தெரு. இந்தா, இதுதான் ஆபீஸ்காரவுக ஒட்டுன நோட்டீசு. வீட்டுல ஆள் இல்லாட்டி பதினஞ்சு நாள்ல ஒதுக்கீடு ரத்துன்னு போட்டுருக்கு. ஒட்டி ஒம்போது நாளாச்சு. மிச்சம் ஆறு நாளு. இந்தப் பையில இருக்கிறது பதிமூணு வீட்டுச் சாவி. கம்பியில கோத்து வச்சுருக்கேன், ஒண்ணுகூடத் தவறல. பதினாலாவது என் வீடு, ஒண்ணாம் நம்பரு. அந்தச் சாவி என் அரைஞாண்ல கெடக்கு. இன்னைக்குத் தேதிக்குக் கடுக்காப்பாறையில குடியிருக்கிறது நான் ஒருத்தன்தான்.

எழுதிக்கங்க. ஒண்ணு, வீட்டக் கேன்சல் பண்ணக் கூடாது. ரெண்டு, வீட்ட விட்டு மேல காட்டுக்குப் போன ஆளுகள ஆபீசர் உத்தரவு போட்டுக் கீழ எறக்கணும். மூணாவது சின்ன விசயம், ஒண்ணாம் நம்பர் வீடு என் சம்சாரம் பேர்ல இருக்கு, அத என் பேருக்கு மாத்தணும். வீடெல்லாம் பொம்பளைக பேர்லதான் குடுத்தாக. அவ போன ஐப்பசியில செத்துட்டா.

பேரா? இந்தா ரேசன் கார்டு, பாத்து எழுதிக்கங்க. செத்தவுக பேர ஒரு வருசத்துக்கு நாங்க வாயால சொல்றதில்ல.

நாலாவதா ஒண்ணு இருக்கும்மா, அதத்தான் கொட்ட எழுத்துல போடணும். 'மேற்படி ஊரில் எந்த வீட்டிலும் சாவு விழவில்லை.' அதப் படிச்சாத்தான் ஆபீசருக்குப் புரியும், இந்த ஆளுக வெளியேறுனதுல ஒரு நியாயமும் இல்லன்னு. வீடு சுத்தமா இருக்கு. நான் சுத்தமா வச்சுருக்கேன்.

என்னம்மா பேந்தப் பேந்தப் பாக்குறீங்க? சரி, ஒங்களுக்குத் தெரிய ஞாயமில்ல. எங்க ஆளுகள்ல ஒரு வழக்கம். ஒரு குடிசையில சாவு விழுந்துருச்சுன்னா அதுல பொறவு யாரும் இருக்க மாட்டோம். பொதைச்சுட்டு வந்து, சட்டி பானைய எடுத்துக்கிட்டு அந்தாண்ட போயிருவோம். பயம்னு சொல்லாதீங்க, பயமில்ல. அது அவுக எடம் ஆயிருச்சு, அம்புட்டுதான். புல்லுக் குடிசையில இருந்த காலத்துல அது ஒரு கஷ்டமே இல்ல. நாலு கம்பு, ஒரு சொமை புல்லு, அரைப் பொழுது வேலை. இல்லாட்டிப் பாறைப் புடவு, கொகை மாதிரி இருக்கும், அதுக்குள்ள ஏறிக்கிறது.

காங்கிரீட் வீட்ட அப்படி விட்டுட்டுப் போக முடியுமா? ஆனா போனாக. குடியேறுன ரெண்டாம் மாசம் அஞ்சாம் நம்பர்ல கைப்பிள்ளை ஒண்ணு செத்துச்சு. மறுநா பாத்தா வீடு தெறந்து கெடக்கு, ஆளுகளக் காணோம். ஆனியில ஒம்போதாம் நம்பர்ல ஒரு ஆளு செத்தாரு. அந்தக் குடும்பமும் போயிருச்சு. ஆமா, அது ரெண்டும் சாவுதான். அதக் கணக்குல எடுக்காதீங்க. அது நான் சட்டம் போடுறதுக்கு முன்னாடி.

அப்பத்தான் வீடு கட்டிக் குடுத்த ஓவர்சியர் வந்தாரு. நல்ல மனுசன், கடுப்பாப் பேசுவாரே தவிர மனசுல ஒண்ணும் கெடையாது. தெரு நடுவுல நின்னுக்கிட்டு, "ஏம்ப்பா தவசி, ஆளுக்கொரு வீட்டுல செத்துச் செத்து வெளியேறிக்கிட்டே இருந்தா பதினாலு சாவுல ஊரே காலியாயிருமேப்பா. கவர்மெண்டு என்ன ஒங்க பொணத்துக்கா வீடு கட்டிக்கிட்டு இருக்கு?"ன்னு கேட்டாரு. எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாக. எனக்கு மானம் போச்சு. நான்தானே தலைவரு? மூணு எடத்துல செதறிக் கெடந்த சனத்த, காட்டுக்குள்ள இருந்து வீடு வீடாப் பேசிக் கீழ கூட்டிட்டு வந்தவன் நான். கரெண்டு வரும், ரோடு வரும், ஓடையில பாலம் வரும்னு சத்தியம் பண்ணிக் கூட்டிட்டு வந்தவன். பதினாலு வீட்டுலயும் ஆள் இருந்தாத்தான் பாலத்துக்கு எழுதுவேன்னு ஓவர்சியர் சொல்லிட்டாரு.

ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாம் நா ஊரக் கூட்டிச் சொன்னேன். "நம்ம வழக்கத்த விட வேணாம். வீட்டையும் விட வேணாம். சாவு வீட்டுக்குள்ள விழுந்தாத்தானே வீட்ட விடணும்? மூச்சு நிக்கிறதுக்கு முன்னாடி ஆள வெளிய கொண்டாந்துருவோம். சாவு வெளிய விழட்டும், வீடு வீடா இருக்கட்டும்."

எப்படிம்மா? கலெக்டருக்குப் படிச்சவுகளுக்கே தோணாதது. ஓவர்சியர் என் முதுகுல தட்டி, "நீ படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பப்பா"ன்னாரு. சொன்னதோட விடல, தெரு நடுவுல நாலு இரும்புக் கால் நட்டு, தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டிக் குடுத்தாரு. திண்டு கட்டி சிமிண்டு பூசுனாக. 'ஓய்வுக்கூடம்'னு போர்டு வச்சு, ரிப்பன் வெட்டி, எல்லாருக்கும் கேசரி குடுத்தாக. என் வீட்டு வாசல்ல இருந்து ஏழே எட்டுல போயிறலாம்.

மொதல்ல நாலாம் நம்பர் கெழவி. இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. கட்டிலோட தூக்கிக் கொட்டகையில வச்சோம். ரெண்டு நாள்ல முடிஞ்சிருச்சு. பொதைச்சுட்டு வந்து அந்த வீட்டு ஆளுக தெருவுலயே நின்னாக. உள்ள போறதா வேணாமான்னு அவுகளுக்கே தெரியல. நான்தான் மொதல்ல உள்ள போயி ஒக்காந்தேன். ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சேன். பொறவுதான் ஒவ்வொருத்தரா வந்தாக. அன்னைக்கு நான் பட்ட சந்தோசம் இருக்கே! ஒரு வீட்டக் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன்.

மார்கழியில பதினொண்ணாம் நம்பர்ல ஒரு சிக்கல். கெழவரு. இந்தா தூக்குறோம், அந்தா தூக்குறோம்னு லேட்டாக்கிட்டாக. வாசப்படியத் தாண்டும்போது மூச்சு நின்னு போச்சு. தலை வெளிய, கால் உள்ள. உள்ள செத்தாரா வெளிய செத்தாரான்னு ஊரே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. நான் வெளியன்னு சொன்னேன். மூச்சு மூக்குல இருக்கா, கால்ல இருக்கா? ஆனா அந்த வீட்டு ஆளுக கேக்கல, போயிட்டாக.

அப்பத்தான் சட்டத்த இறுக்குனேன். கடைசி நேரம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. மூணு நாள் சோறு எறங்கலன்னா வெளிய கொண்டாந்துறணும். யாரா இருந்தாலும் சரி. எழுதி ஓய்வுக்கூடத் தூண்லயே ஒட்டுனேன். என் கையெழுத்துதான், 'தவசி, தலைவர்'.

இதுல ஒரு கூத்து கேளுங்கம்மா. எட்டாம் நம்பர்ல ஒரு பெருசு, வெள்ளையன்னு பேரு. மாசியில காய்ச்ச. மூணு நாள் சாப்பிடல, கொண்டாந்து வச்சாச்சு. பனியில அஞ்சு நாள் கெடந்தாரு. ஆறாம் நா காலையில பாத்தா எந்திரிச்சு ஒக்காந்து, "அடேய் தவசி, கஞ்சி இருக்காடா, இல்ல பொதைச்சுட்டுத்தான் ஊத்துவியா?"ங்கிறாரு. ஊரே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். நானே கையப் பிடிச்சு வீட்டுக்குள்ள விட்டேன். அவரு மட்டும் சிரிக்கல. அதுல இருந்து என்கிட்டப் பேச மாட்டாரு.

அதுக்குப் பொறவு ஊர்ல ஒரு பழக்கம் வந்துச்சு. யாருக்காச்சும் மேலுக்கு முடியலன்னா, தட்ட எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து ஒக்காந்துருவாக. தெருவே பாக்குற மாதிரி சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வாயில போடுவாக. கண்ணுல தண்ணி ஓடும், முழுங்குவாக. அப்பறம் வீட்டுக்குப் பின்னால போயி ஓங்கரிக்கிற சத்தம் கேக்கும். நான் கேக்காத மாதிரி இருந்துருவேன். சட்டம்னா கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்ல? ஓவர்சியர்கூட ஒருநா பாத்துட்டு, "பரவால்லப்பா, ஒங்க சனம் வேளாவேளைக்கு நல்லாச் சாப்பிடுது"ன்னாரு.

ஆடிக் காத்துல கொட்டகைத் தகரம் பறந்துருச்சு. எழுதிப் போட்டேன், வரும் வரும்னாக. அதுவரைக்கும்னு தார்ப்பாய் கட்டி வச்சோம்.

ஐப்பசியில அடைமழை. அந்த வாரம் வியாழக்கிழம பெரிய ஆபீசர் வர்றதாச் சேதி. வீட்டுலயெல்லாம் ஆள் இருக்கான்னு நேர்ல பாத்துட்டு, பாலத்துக்குக் கையெழுத்துப் போடப் போறாரு. ஒண்ணாம் நம்பர் வீட்டுலதான் மொதல்ல நுழைவாரு, போட்டோ எடுப்பாக, தலைவர் வீட்டச் சுத்தமா வைய்யின்னு ஓவர்சியர் ஆள் விட்டுச் சொன்னாரு. பூட்டுன மூணு வீட்டுலயும் அண்ணன் தம்பிகளப் பிரிச்சு ஒரு நா மட்டும் நிப்பாட்டச் சொன்னாரு. எனக்கு நிக்க நேரமில்ல, ஒக்கார நேரமில்ல.

அந்த நேரம் பாத்து இவ படுத்துட்டா. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயி நனைஞ்சு வந்தவ. காய்ச்ச. எப்பவும் வர்றதுதானேன்னு கசாயம் வச்சுக் குடுத்தேன். ஞாயித்துக்கிழம சாப்பிடல. திங்கக்கிழமயும் சாப்பிடல. செவ்வாக்கிழம மத்தியானம், நான் ஒண்ணுமே சொல்லலம்மா, அவளாத்தான் தட்டக் கையில எடுத்தா. சொவத்தப் பிடிச்சுப் பிடிச்சு வந்து வாசல்ல ஒக்காந்தா. தெருவுல எல்லாரும் வேலையா நிக்கிறாக, வெள்ளையடிக்கிறாக. அவ எல்லாரையும் ஒரு பார்வை பாத்துட்டு ஒரு வாய் வச்சா. ரெண்டாவது வாய் வச்சா. மூணாவது வாயில எல்லாம் வெளிய வந்துருச்சு. அத்தனை பேரும் பாத்தாக. அவ முந்தானையால தரையத் தொடைச்சா. தொடைச்சுட்டு மறுபடி தட்டுல கை வச்சா.

அவ தம்பி சடையன்தான் ஓடியாந்து தட்டப் பிடுங்குனான். "மச்சான், டோலி கட்டுவோம். நாலு பேரு தூக்குனா ரோட்டுக்குப் போயிரலாம், அங்கருந்து ஆஸ்பத்திரி"ன்னான். அவனுக்கென்ன, சொல்லிருவான். ஓடையில இடுப்பளவுத் தண்ணி. நாலு பேர அனுப்பிட்டா அங்கிட்டு வெள்ளையடிக்கிறது யாரு, வழியில விழுந்த மரத்த வெட்டுறது யாரு? நான் என்ன போக வேணாம்னா சொன்னேன்? "நாளைக் கழிச்சு ஆபீசர் ஜீப்பு வருதுல்ல, அதுலயே ஒக்கார வச்சு அனுப்பிருவோம்டா. டோலியில தொங்கிக்கிட்டுப் போறதவிட ஜீப்புல போறது நல்லதா இல்லையா?"ன்னு கேட்டேன். நீங்களே சொல்லுங்க. நியாயந்தானே?

ஆனா சட்டம் இருக்கே. மூணு நாளாச்சு. யாரும் வாயத் தெறந்து கேக்கல. கேக்க மாட்டாக. சும்மா நின்னு என்னையப் பாத்தாக. நாலாம் நம்பர் ஆளுக, எட்டாம் நம்பர் வெள்ளையன், எல்லாரும் பாத்தாக. ஊருக்குத்தான் உபதேசம், ஒனக்கில்லையான்னு அவுக மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. தலைவருன்னா சும்மாவா? நான் யாரையும் கூப்பிடல. நானே தூக்குனேன். கனமே இல்ல. அந்த ஏழு எட்டும் நடந்து, திண்டுல படுக்க வச்சு, கவர்மெண்டு குடுத்த கம்பளியப் போத்தி விட்டேன்.

மொதல்ல அவளுக்குப் புரியல. உள்ள கொண்டு போயிப் படுக்க வைக்கத்தான் தூக்குறேன்னு நெனச்சிருக்கா. தார்ப்பாயப் பாத்தப்பறம்தான் புரிஞ்சிருக்கு. "இந்தாரு, நான் சாகல. சும்மா காய்ச்ச. குளிருது, என்னைய உள்ள விடு"ன்னா. கத்தல, சண்டை போடல. எப்பவும் உப்புக் கேக்குற மாதிரிதான் கேட்டா. நான், "ரெண்டு நாளு, அப்பறம் ஜீப்பு"ன்னேன். காய்ச்சக்காரி பேச்ச எல்லாம் கணக்கா எடுக்க முடியுமா?

சாரல் ஒரு பக்கமா அடிச்சுச்சு. தார்ப்பாயி எங்கிட்டு இழுத்துக் கட்டுனாலும் இன்னொரு பக்கம் தூக்கிக்கிருச்சு. அவ ஒருக்களிச்சுப் படுத்து எங்க வீட்டு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. உள்ள அடுப்பு எரியிறது அங்கருந்து தெரியும். புதன்கிழம காலையில கேட்டா, "கதவத் தெறந்தாச்சும் வையி"ன்னு. தெறந்து வச்சா மழை உள்ள அடிக்குதும்மா. புதுசா வெள்ளையடிச்ச சொவரு, மெழுகி விட்ட தரை, மறுநா ஆபீசர் வர்றாரு. சாத்திட்டேன். பூட்டல. சாத்தத்தான் செஞ்சேன்.

ஏம்மா பேனாவக் கீழ வச்சுட்டீங்க? எழுதுங்க. இன்னும் இருக்கு.

புதன்கிழம உச்சிப் பொழுதுல முடிஞ்சிருச்சு. நான் பக்கத்துல இல்ல, ஓடைப் பக்கம் மரம் வெட்டிக்கிட்டு இருந்தேன். சடையன் பொண்டாட்டி ராக்கம்மா வந்து கூப்பிட்டா. வந்து பாத்தா, கால் ரெண்டும் திண்டுக்குக் கீழ தொங்குது. ஒரு கால் தரையில ஊனியிருக்கு. எந்திரிச்சு வரப் பாத்திருக்கான்னு ராக்கம்மா சொல்றா. சாகும்போது ஒடம்பு இழுக்கும்ல, அதுல எறங்கியிருக்கும். எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழம ஆபீசர் வரல. ஓடையில தண்ணி, பாலம் இல்லையே, எப்படி வருவாரு? அதுக்கு அவரக் குத்தம் சொல்லக் கூடாது.

அன்னைக்குப் பொதைச்சுட்டு வந்தோம். நான் வீட்டுக்குள்ள போயி ஒக்காந்தேன். அன்னைக்கு நாலாம் நம்பர்ல செஞ்ச மாதிரித்தான், ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடிச்சேன். எல்லாரும் அவுகவுக வீட்டுக்குள்ள போயிருப்பாகன்னு நெனச்சு வெளிய வந்து பாத்தா, தெருவுல மூட்டை. பத்து வீட்டு மூட்டையும் தெருவுல. பெருசு வெள்ளையன்தான் மொதல்ல மேல நடக்குறாரு.

நான் கத்துனேன். "எந்த வீட்டுல சாவு விழுந்துச்சு? சொல்லுங்கடா, எந்த வீட்டுல விழுந்துச்சு?" யாரும் திரும்பல. சடையன் மட்டும் நின்னான். அவன் சொன்னத அப்படியே சொல்றேன், இத மனுவுல எழுத வேணாம்.

"மச்சான், முன்னயெல்லாம் சாவு ஒரு குடிசையில இருக்கும். நாம அதுக்கு எடம் விட்டுட்டுத் தள்ளிப் போவோம். நீ சாவுக்கு வீட்டக் குடுக்க மாட்டேன்னுட்ட. அது எங்க போகும்? தெருவுல ஒக்காந்துக்கிச்சு. இப்ப எந்த வீட்டுக் கதவத் தெறந்தாலும் அதுதான் எதுக்க ஒக்காந்திருக்கு. ஊரே சாவு வீடாயிருச்சு மச்சான்."

அம்புட்டுப் பேச்சு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல, ஊமைப்பய. அப்பறம் சொன்னான், "எங்கக்கா கதவத் தெறந்து வைக்கச் சொன்னுச்சுல்ல. அதக்கூட நீ செய்யல."

அவன் போயிட்டான். சாவிகள யாரும் எங்கிட்டக் குடுக்கல. ஓய்வுக்கூடத் திண்டுல வரிசையா வச்சுட்டுப் போனாக. அவ கெடந்த எடத்துல. நான்தான் பொறுக்கி, முன்னமே எங்கிட்ட இருந்த மூணு சாவியோட சேத்துக் கம்பியில கோத்தேன்.

இப்ப எல்லாரும் மேல புடவுல கெடக்காக. நாலு நாளைக்கு முன்னால போயிப் பாத்தேன். தேன் எடுக்காக, கெழங்கு தோண்டுறாக, பிள்ளைக ஓடியாடித் திரியுது. ராக்கம்மா பிள்ளைக்குக் காய்ச்சலாம், மடியிலயே வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா, ஊட்டல, ஒண்ணும் செய்யல, சும்மா வச்சுக்கிட்டு இருக்கா. எனக்குத் தேன்தட்டுல ஒரு துண்டு குடுத்தாக. ஆனா ஒக்காருன்னு யாரும் சொல்லல. எம்புட்டுச் செஞ்சேன் இவுகளுக்கு! நல்லதுக்குக் காலமில்லம்மா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

ஆகாதுன்னு விட்டுற முடியுமா? அதான் வந்தேன். ஆபீசர் ஒரு உத்தரவு போட்டா எறங்கிருவாக. வீட்டுல சாவு விழல, அதான் பாயிண்டு. எல்லாம் எழுதியாச்சா? சரி, ஒருக்க வாசிச்சுக் காட்டுங்க.

ம். ம். பணிவுடன், சரி. பழங்குடியினர், சரி. அப்பறம்?

இருங்க, இருங்க. என்ன சொன்னீங்க? அந்த வரிய மறுபடி வாசிங்க.

'எனது மனைவி கடந்த ஐப்பசி மாதம் உடல்நலக்குறைவு காரணமாக எங்கள் வீட்டில் காலமானார்.'

தப்பும்மா! அடிங்க அத. ஒரு மணி நேரமா என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்? வீட்டுல சாகல. நீங்க பாட்டுக்கு எல்லா மனுவுக்கும் எழுதுற மாதிரி எழுதிப்புட்டீங்க. அதுக்குக் கீழதானே வீட்டுல சாவு விழலன்னு கொட்ட எழுத்துல போட்டுருக்கு? ஆபீசர் சிரிக்க மாட்டாரா?

வேற எப்படி எழுதவா? வெளியன்னு எழுதுங்க. தெருவுலன்னு.

என்னம்மா கேக்குறீங்க? 'வீடு இருந்தும் தெருவில் இறந்தார்'னு எழுதவான்னா கேக்குறீங்க? நான் அப்படியா சொன்னேன்? நான் சொன்னது... ஆமா. அப்படித்தான் வருது. எழுத்துல அப்படித்தான் வருது.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

அவ அந்த வீட்டுல எவ்வளவு நாள் இருந்தா தெரியுமா? ஒண்ணே முக்கால் வருசம். வந்த அன்னைக்கே கதவத் தெறந்து தெறந்து மூடிப் பாத்துக்கிட்டு இருந்தா, சின்னப் பிள்ளை மாதிரி. நம்ம கதவு, நாம சாத்துனா யாரும் வர முடியாது பாருன்னு சொன்னா. புல்லுக் குடிசைக்கு ஏதும்மா கதவு? அவ பேர்லதான் அந்த வீடு. கார்டுல பாத்தீங்கள்ல.

அந்த வரிய இன்னொருக்க வாசிங்கம்மா. மெதுவா.

எங்கள் வீட்டில்.

அடிக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். இந்தப் பேப்பர்லயாச்சும் அவ உள்ள இருந்து போனதா இருக்கட்டும். ஈரம் இல்லாம, கதவு தெறந்து, அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்தாப்புல.

மத்த வரியெல்லாம் அடிச்சுருங்க. ஆமா, எல்லாந்தான். உத்தரவும் வேணாம், பேரும் மாத்த வேணாம். கொட்ட எழுத்துல இருக்கே, அத மொதல்ல அடிங்க.

இல்லம்மா, நான் அழுகல. இந்த அரைஞாண் முடிச்சு அவுக்க வர மாட்டேங்குது, அம்புட்டுதான். இந்தா, வந்துருச்சு. இதையும் சேத்தா பதினாலு. சாவு விழுந்த வீட்டுல நாங்க இருக்கிறதில்ல.

சாவிகள எந்த ஜன்னல்ல குடுக்கணும்?